கொடுத்தவர்கள் பார்க்க விரும்பிய முகம்

உதியன்குளங்கரை ஜங்ஷனில் எனக்கு பிளெக்ஸ் அச்சடிக்கும் கடை ஒன்று உண்டு. கல்யாணம், கோயில் உற்சவம், சர்ச் கன்வென்ஷன், தேர்தல், சாவு எல்லாவற்றுக்கும் போர்டு அடிப்போம். இவற்றோடு இன்னொரு வகையும் உண்டு. மேலே பெரிய மலையாள எழுத்தில் 'சிகிச்சா சகாய நிதி', அதாவது சிகிச்சைக்கு உதவி நிதி, என்று இருக்கும். கீழே நோயாளியின் பெயர், ஊர், என்ன நோய், எந்த வங்கிக் கணக்கு. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே எந்த முக்கில் நின்றாலும் அப்படி ஒரு போர்டு கண்ணில் படும்.

கடை தொடங்கிய காலத்தில் அந்த போர்டுகளில் படம் இருக்காது. கேட்டால், ஆளை எல்லாருக்கும் தெரியுமே, படம் எதற்கு என்பார்கள். பிறகு பாஸ்போர்ட் படம் வந்தது. கழுத்துப் பித்தான் வரை போட்டு, வாரிய தலையோடு, ஆள் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கும் சில வருடங்கள் கழித்து, கட்டிலில் மூக்குக் குழாயோடு கிடக்கும் படங்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அப்படிப் பணம் திரட்டும் ஒரு கமிட்டிக்காரரிடம், இவர் சிரித்தபடி இருக்கும் படம் நன்றாக இருக்கிறதே, அதைப் போடலாமே என்றேன். "சிரிக்கிற படம் வச்சா ஒருத்தரும் வண்டிய நிறுத்த மாட்டாவ" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று பிறகு தெரிந்தது.

எங்கள் பக்கத்திலேயே ஒருவர் இல்லாத நோய்க்குப் பணம் திரட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனார். அந்த போர்டும் என் கடையில் அடித்ததுதான். அதற்குப் பிறகு டாக்டர் கொடுத்த கடிதத்தைக் காட்டினால்தான் அச்சடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். சிலர் அந்தக் கடிதத்தையே போர்டில் பெரிதாக்கிப் போடச் சொன்னார்கள். எந்த உறுப்பில் என்ன கோளாறு என்பதை மீன் வாங்கப் போகிறவர்களும் நின்று படித்தார்கள். யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. ஏமாந்தவர்கள் சாட்சி கேட்கத்தானே செய்வார்கள்.

நான் அறிந்த முதல் பணம் திரட்டல் என் அப்பாவுக்காக நடந்தது. அப்பா கொத்தனார். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. அந்த வருடம் எங்கள் சர்ச்சின் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காயை அப்பாவின் பேரில் ஏலம் விட்டார்கள். ஒருவர் எடுப்பார், பணத்தைக் கொடுப்பார், காயை மறுபடி ஏலத்துக்கே விட்டுவிடுவார். எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த இந்துக் குடும்பத்துக்காரரும் வந்து ஏலம் கேட்டார். ஒரே காய் அன்று மதியம் வரை கைமாறிக்கொண்டே இருந்தது. அப்பாவை யாரும் அங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அவர் வீட்டில் படுத்திருந்தார்.

ஆனால் அதுவும் சும்மா வந்ததல்ல. நாலைந்து வருடம் கழித்து அப்பா ஒரு கலர் டிவி வாங்கியபோது, பூசணிக்காயை ஏலம் எடுத்தவர்களில் ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, மேஸ்திரிக்கு இப்போது நல்ல சுகம்தான் போல என்று சொல்லிப் போனார். அப்பா அந்த டிவியை முன்னறையிலிருந்து எடுத்து உள்ளறையில் வைத்தார். கொடுத்தவர்களுக்குக் கண் இருக்கும் என்பதை நான் அன்றே பார்த்துவிட்டேன். அந்தக் கண்கள் எங்கள் சந்தோடு நின்றன, அவ்வளவுதான்.

என் தங்கைக்கு நோய் வந்தபோது காலம் வெகுதூரம் வந்திருந்தது.

அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் பில் போடும் இடத்தில் வேலை பார்த்தாள். எப்போதும் திருத்தமாக உடுப்பாள். காலையில் கண்ணுக்கு மை எழுதாமல் வாசல் தாண்ட மாட்டாள். கணவர் சவுதியில் டிரைவராக இருந்து ஒரு சின்ன வீடு கட்டியிருந்தார். அவளுக்கு உடம்பு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு வந்து, இங்கே ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஒரே மகள், அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் மஞ்சள்காமாலை என்றுதான் நினைத்தோம். பச்சிலை மருந்து, பத்தியம் என்று கொஞ்ச காலம் போயிற்று. திருவனந்தபுரத்து டாக்டர் கல்லீரல் மொத்தமும் போய்விட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார். என்னுடையது பொருந்தவில்லை. அவள் கணவருடையது பொருந்தியது. அவர் அதைக் கேட்டதும் ஏதோ நல்ல வேலை கிடைத்ததுபோலச் சிரித்தார். பிறகு செலவைச் சொன்னார்கள்.

அவளுடைய நகைகளும் என் கடை இயந்திரமும் வங்கியில் அடமானத்துக்குப் போயின. பஞ்சாயத்து மெம்பர் தலைமையில் கமிட்டி போட்டார்கள். சர்ச் போதகரும் கோயில் கமிட்டித் தலைவரும் காப்பாளர்கள். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஒருநாள் ஓடிய காசை முழுவதும் தந்தார்கள். சர்ச் வளாகத்தில் பிரியாணி செய்து வீடு வீடாக விற்றோம். கோயிலில் அன்னதானத்துக்குச் சமைக்கிறவர்தான் வந்து பதம் பார்த்தார். அவளுக்கான போர்டை நானே அடித்தேன். கணினியில் அவள் பெயரைத் தட்டி முடித்துவிட்டு வெகுநேரம் வெளியே போய் நின்றேன்.

எல்லாம் சேர்த்தும் போதவில்லை. ஊர் ஏற்கெனவே களைத்திருந்தது. அந்த வருடத்தில் மட்டும் மற்ற நோயாளிகளுக்காக விற்ற எத்தனை பிரியாணிப் பொட்டலங்கள் எங்கள் வீட்டுக்கே வந்திருக்கும். மெம்பர் ஒருநாள் கடைக்கு வந்து, இனி வீடியோதான் வழி, இங்குள்ளவர்களால் இதற்குமேல் முடியாது என்றார். இணையத்தில் நோயாளிகளுக்காக வீடியோ போடும் ஒருவரை அவருக்கு வேண்டியவர் மூலம் தெரியும். பார்த்தவுடன் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் மலையாளிகள் பணம் அனுப்புவார்கள்.

வீடியோக்காரர் வடக்குக் கேரளத்திலிருந்து இரண்டு உதவியாளர்களோடு காரில் வந்தார். நான் நினைத்த மாதிரி ஆள் இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். மருத்துவமனைக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். டாக்டரிடம் எங்கள் முன்னாலேயே போனில் பேசி உறுதி செய்துகொண்டார். தான் வீடியோ போடத் தொடங்கிய காலத்தில் கணக்கு எண்ணைச் சொன்னாலே போதும், பணம் வந்துவிடும் என்றார். பிறகு நோயாளியைக் காட்டச் சொன்னார்களாம். பிறகு வீட்டைக் காட்டச் சொன்னார்கள். இப்போது வீட்டின் ஒவ்வொரு மூலையையும் பார்க்கிறார்கள், ஒரு பொருள் கண்ணை உறுத்தினால் அதோடு நின்றுவிடும் என்றார். அதைச் சொல்லும்போது அவரே களைத்தவராகத்தான் தெரிந்தார்.

தங்கை அன்று இருந்ததில் நல்ல காட்டன் புடவையை உடுத்தி, தலை பின்னி, மை எழுதி உட்கார்ந்திருந்தாள். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகியிருந்தது. ஆனாலும் விருந்தாளியை எதிர்பார்த்து இருக்கிறவள் போலத்தான் இருந்தாள். வீடியோக்காரர் என்னை முற்றத்துக்கு அழைத்துப்போய், புடவையை மாற்றி வீட்டில் போடும் நைட்டியைப் போடச் சொல்ல முடியுமா என்று கேட்டார். தரை டைல்ஸ் தெரியாமல் கட்டிலை ஓரமாகப் போட்டுக்கொள்ளலாம். வேன் பள்ளிக்கூடத்துடையது என்று யாருக்கும் தெரியாது, அதைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த வேண்டும். கழுத்தில் கிடப்பதையும் கழற்றிவிட்டால் நல்லது.

நான் சொல்லத் தயங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவளே புரிந்துகொண்டாள்.

"இது கவரிங் ஆக்கும்" என்று சங்கிலியைத் தூக்கிக் காட்டினாள். "பொன்னு எல்லாம் பேங்கில இருக்குண்ணு அவியட்ட சொல்லு."

தனக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்கு அது தெரியாதே என்றார் வீடியோக்காரர், தலையைக் குனிந்தபடி.

அவள் என்னைப் பார்த்தாள். "பைசா தாறவிய முன்னால கொஞ்சம் மரியாதையா இருக்காண்டாமா அண்ணா?"

 அவள் கணவர் வேனை எடுத்துத் தள்ளி நிறுத்தப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மகளைக் கூப்பிட்டு உள்ளே போனாள். வரும்போது நிறம் போன நைட்டியில் இருந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். மையில்லாமல் அவள் கண்களைப் பார்த்து எனக்குப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

கேமராவின் முன்னால் அவளுக்கு அழுகை வரவில்லை. உதவி செய்கிற எல்லாருக்கும் நன்றி, கடவுள் உங்களுக்குத் துணை என்று அழகாகச் சொன்னாள். கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல இருந்தது. வீடியோக்காரர் பொறுமையாக அவளோடு பேசிக்கொண்டே இருந்தார். மகள் என்ன படிக்கிறாள், என்ன ஆகவேண்டும் என்று ஆசை என்றெல்லாம் கேட்டார். மகள் நர்சு ஆகணும் என்று சொல்லத் தங்கை வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. முகம் அப்படியே உடைந்து போயிற்று. வாயைப் பொத்திக்கொண்டு அவள் அழுதது இரண்டு நிமிடம்கூட இருக்காது. உலகத்துக்குப் போனது அந்தப் பகுதிதான்.

சாயங்காலம் வீடியோவைப் போட்டார்கள். மறுநாள் இருட்டுவதற்குள் வேண்டிய பணம் வந்து சேர்ந்து, போதும் என்று அறிவித்துக் கணக்கை மூடிவிட்டார்கள். துபாயிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்திருந்தது. பெயரில்லாமல் மிகச் சிறிய தொகைகள் ஏராளமாக வந்திருந்தன. தங்கை கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் எல்லாரும் அழுதோம். அந்த ஆனந்தம் உண்மையானது. அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன்.

பணத்தோடு கேள்விகளும் வந்தன. அண்ணனுக்கு ஜங்ஷனில் கடை இருக்கிறதே, அதை விற்றாலென்ன என்று ஒருவர் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார். ஜன்னல் வழியாகத் தெரிந்த தண்ணீர்த் தொட்டி புதிது என்று இன்னொருவர் கண்டுபிடித்திருந்தார். ஆனால் பெரும்பாலோர் அன்பாகத்தான் எழுதினார்கள். சேச்சி எப்படி இருக்கிறாள், ஆபரேஷன் எப்போது, ஒரு வீடியோ போடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டுக்கு வந்ததும் நேரிலேயே வர ஆரம்பித்தார்கள். கிருமி தொற்றும், கிட்டே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கள்ளிக்காட்டிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவரை நான் வாசலிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார். அவளை ஜன்னலுக்குப் பக்கம் வந்து கைகாட்டச் சொன்னேன். அவர் போனைத் தூக்கி அதைப் படம் பிடித்தார்.

சில மாதங்கள் அவள் நன்றாக இருந்தாள். முகத்தில் நிறம் வந்தது. கணவரின் அக்காள் மகளுக்கு அமரவிளையில் கல்யாணம் நடந்தபோது, அரைமணி நேரம் போய்விட்டு வரலாம் என்று டாக்டரும் அனுமதித்தார். முகக்கவசத்தோடு, பட்டுப்புடவை உடுத்திப் போனாள். யாரோ எடுத்த கூட்டப் படத்தில் அவள் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். இரண்டொரு நாளில் அந்தப் படமும் அழும் வீடியோவின் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டு எங்கும் சுற்ற ஆரம்பித்தன. நம்முடைய பணம் பட்டு உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறது என்று எழுதியிருந்தார்கள்.

வீடியோக்காரர் என்னைக் கூப்பிட்டார். கோபமில்லை, கெஞ்சலாகத்தான் பேசினார். என்னை எல்லாரும் கேள்வி கேட்கிறார்கள், அடுத்து ஒரு சின்னக் குழந்தைக்காக வீடியோ போட்டிருக்கிறேன், இதனால் அந்தக் குழந்தைக்குப் பணம் வருவது நின்றுவிட்டது, தங்கை ஒரு நிமிடம் பேசி அனுப்ப முடியுமா என்றார்.

அவள் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, மகள் பிடித்த போனைப் பார்த்து, அது தன்னுடைய கல்யாணப் புடவை என்று சொன்னாள். பீரோவில் இருந்தது, இளைத்துப்போனதால் பழைய ஜாக்கெட் மறுபடி பொருந்திற்று, புதிதாக ஒன்றும் வாங்கவில்லை என்றாள். தயவுசெய்து அந்தக் குழந்தைக்கு உதவுங்கள் என்று முடித்தாள். மகள் போனை இறக்கிவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போனாள். அவள் அழுதது எனக்குக் கேட்டது.

அதன் பிறகு தங்கை வெளியே போகவில்லை. சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. செக்கப்புக்குப் போகும்போது இருப்பதிலேயே பழையதை உடுத்திக்கொள்வாள். ஒருநாள் அவள் கணவர் வழியில் ஹோட்டலில் சாப்பிட்டுப் போகலாம் என்றாராம். வேண்டாம், ஆள் பார்க்கும் என்று வேனுக்குள்ளேயே இருந்துகொண்டாளாம். அதை என்னிடம் சொல்லும்போது அவர் தன் வயிற்றுத் தழும்பை சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. புதிய கல்லீரலை உடம்பு ஏற்கவில்லை என்றார்கள். மருந்துகளை மாற்றிப் பார்த்தார்கள். மறுபடி பெரிய செலவு வரும் என்று தெரிந்தது. மெம்பர் வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை கொடுத்தவர்கள் அதே ஆளுக்கு மறுபடி கொடுப்பது கஷ்டம், ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம், வீடியோக்காரரிடம் பேசட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். தங்கை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தோம்.

"வேண்டாம் அண்ணா" என்றாள். "இனி என்னை ஆருக்கும் காட்டாண்டாம்."

நாங்கள் வேறு வழிகளைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய நிலை மோசமானது. மருத்துவமனையில் ஒரு காலைப்பொழுதில், கணவரும் மகளும் பக்கத்தில் இருக்கும்போது இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப்பேரை எங்களுக்குத் தெரியாது. சிலர் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துகொண்டே இருந்தது. அப்போது ஒரு வயதான அம்மாள் என் கையைப் பிடித்தாள். அம்பூரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். ரப்பர் தோட்டத்தில் வேலை. வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து தினமும் ஜெபத்தில் தங்கையின் பெயரைச் சொல்லி வந்தாளாம். எவ்வளவு கொடுத்தாள் என்பதை அவள் சொல்லவில்லை.

"கடைசியில பிள்ளைக்கி வேதனை உண்டுமா மக்கா?" என்று கேட்டாள்.

இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன். அது உண்மையில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு என் கையை வெகுநேரம் விடவில்லை. என் கோபத்தை எங்கே கொண்டு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மிச்சமிருந்த கொஞ்சப் பணத்தை, மிஞ்சினால் இன்னொரு நோயாளிக்கு என்று முதலிலேயே பேசியிருந்தபடி மாற்றிவிட்டோம். கமிட்டி கணக்கை வாசித்தது. பத்திரிகை அறிவிப்பும் கொடுத்தோம். வீடியோவை எடுத்துவிட முடியுமா என்று வீடியோக்காரரிடம் கேட்டேன். அன்றே எடுத்துவிட்டார். அக்காவுக்காகத் தானும் பிரார்த்தித்ததாகச் செய்தி அனுப்பினார்.

மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். ஒருநாள் மதியம் கடைக்கு வந்து, ஆட்கள் போகும்வரை காத்திருந்து, போனை என்னிடம் நீட்டினாள். ஏதோ தெரியாத பக்கம். தங்கை நிறம்போன நைட்டியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அவள் குரல் இல்லை. அதற்குமேல் ஒரு ஆண்குரல் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கீழே வேறொரு பெயர், வேறொரு கியூஆர் கோடு. பணம் போய்க்கொண்டிருக்கிறது என்பது கமெண்டுகளைப் பார்த்தாலே தெரிந்தது.

போனை அவளிடமே கொடுத்தேன். உடனே சைபர் போலீசுக்குப் போகலாம் என்று எழுந்தேன்.

"புகாரு குடுக்கணும் மாமா" என்றாள் அவள். "நாளைக்கி குடுப்போம்."

ஏன் என்றேன்.

"இண்ணைக்கி ஒரு நாளு கெடக்கட்டு. அம்மைக்கி சீக்கிரம் சொகமாவும்ணு ஆளுவ எழுதுதாவ."

அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து அவற்றை வாசித்தாள். இந்தி அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் உதட்டை அசைத்து வாசித்தாள். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே நின்றேன்.

மறுநாள் புகார் கொடுக்கப் போனோம். அம்மா இறந்த சான்றிதழை அவளே எடுத்து மேசைமேல் வைத்தாள், அவளே எல்லாவற்றையும் விளக்கினாள். அந்தப் பக்கத்தை நீக்க வைக்கலாம், ஆனால் இது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று சொல்ல முடியாது, பார்த்தால் மறுபடி வந்து சொல்லுங்கள் என்றார் அதிகாரி. அவள் சரி சார் என்றாள். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாலராமபுரத்தில் நெரிசலில் நின்றபோது, நெற்றியை என் முதுகில் வைத்துக்கொண்டாள். வண்டிகள் நகர ஆரம்பித்த பிறகும் எடுக்கவில்லை. நான் மெதுவாக ஓட்டினேன்.